ஓர்பிங்டன்: ஒரு புறநகர்த் தொகுதியின் நிலமும் வாக்கும்

தேர்தல்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தலைவர்களின் பேச்சுக்களையும் கட்சிகளின் கொள்கை விளக்கங்களையுமே முதன்மையாகக் கொள்வர். ஆயினும், வாக்கென்பது ஆகாயத்திலிருந்து விழுவதன்று. ஒரு குறித்த நிலப்பரப்பில், குறித்த வகையான வீடுகளில் வாழ்ந்து, குறித்த தொழில்களால் வயிறு வளர்க்கும் மக்கள் அளிப்பதே வாக்காகும். ஆகவே, ஒரு தொகுதியின் அரசியலை அறிய விரும்புவோர் முதற்கண் அதன் நிலத்தை அறிதல் வேண்டும். எனினும், நிலத்தை அறிந்தமையால் மட்டும் வாக்கை முற்றாக அறிந்துவிடலாமோ எனின், அதுவும் இயலாது. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே விளக்குவதற்கு இங்கிலாந்தின் ஓர்பிங்டன் தொகுதியைப்போல் ஏற்ற எடுத்துக்காட்டு வேறொன்று காண்பது அரிது.

நிலமும் நீரும்

ஓர்பிங்டன் இலண்டன் மாநகரின் தென்கிழக்கே, சேரிங் குறொஸ் புகையிரத நிலையத்திலிருந்து ஏறத்தாழ 14 மைல் தொலைவில் அமைந்துள்ளது. 1965ஆம் ஆண்டு வரை இது கென்ற் கவுண்டியைச் சேர்ந்திருந்தது. கிறே என்னும் சிற்றாறு இவ்வூரின் ஊற்றுக்களிலே தோன்றி வடக்கு நோக்கிப் பாய்கின்றது. தெற்கே செல்லச் செல்ல நிலம் உயர்ந்து, சுண்ணக்கற் குன்றுகளாக மாறுகின்றது. ஆற்றுப் பள்ளத்தாக்கும் குன்றுப் புறமும் ஆகிய இவ்விரு நிலக்கூறுகளே தொகுதியின் பழைய வாழ்க்கையை வகுத்தன.

கிறே ஆற்றின் நீர்வளத்தால் புனித மேரி கிறே என்னும் ஊரிலே கடதாசி ஆலைகள் எழுந்தன. ஆலைத் தொழிலாளரின் குடியிருப்புக்கள் அவற்றைச் சூழ்ந்து வளர்ந்தன. சுற்றியிருந்த நிலங்களிலே பழத் தோட்டங்கள் செழித்தன. தெற்கிலுள்ள குன்றுப் புறமோ சிற்றூர்களின் உறைவிடம். அவற்றுள் ஒன்றாகிய டவுணிலேதான் சாள்ஸ் டார்வின் 1842 தொடக்கம் 1882இல் இறக்கும்வரை வாழ்ந்து தம் ஆராய்ச்சிகளை நடத்தினார். அவருக்கு அயலவராய் விளங்கியவர் சேர் ஜோன் லபக் என்னும் வங்கியாளரும் அறிஞரும் ஆவர். 1871இல் இங்கிலாந்துக்கு வங்கி விடுமுறை நாட்களைச் சட்டமாக்கித் தந்தவர் அவரே. அவர் பெயர் இக்கட்டுரையிற் பின்னரும் வரும்.

அக்காலத்தில் ஓர்பிங்டன் என்னும் பெயரை உலகறியச் செய்தது அரசியலன்று, கோழியே. வில்லியம் குக் என்பவர் இப்பகுதியில் 1886இல் உருவாக்கிய கோழியினம் ஊரின் பெயராலேயே வழங்கலாயிற்று. 1962ஆம் ஆண்டு வரை ஓர்பிங்டன் என்றதும் பிறநாட்டார் நினைவுக்கு வந்தது அக்கோழியினமே எனலாம்.

புகையிரதமும் வீடுகளும்

1868இல் இலண்டனிலிருந்து தென்கிழக்கே செல்லும் புகையிரதப் பாதை ஓர்பிங்டனை எட்டியது. எனினும், பாதை வந்தவுடன் ஊர் மாறிவிடவில்லை. நீராவி வண்டிகளில் நாள்தோறும் தலைநகருக்குச் சென்று மீளுதல் வசதியுடையோர்க்கே இயல்வதாயிருந்தது. உண்மையான மாற்றத்தைக் கொணர்ந்தது 1925ஆம் 1926ஆம் ஆண்டுகளில் இப்பாதையில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கியமையாகும். வண்டிகள் விரைவாகவும் அடுத்தடுத்தும் ஓடின. 1928இல் பெற்ஸ் வூட் என்னும் புதிய நிலையம் திறக்கப்பட்டது. அதனைச் சுற்றியிருந்த வயலும் காடும் வீட்டு மனைகளாயின. பழைய தியூடர் காலத்துப் பாங்கில் மரச்சட்டங்கள் தோன்றும் முகப்பும், முன்னும் பின்னும் சிறு தோட்டமும் உடைய வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன.

இவ்வீடுகளை வாங்கியோர் யாவர்? வங்கி எழுதுவினைஞர், காப்புறுதி நிறுவன ஊழியர், அரசாங்க உத்தியோகத்தர், ஆசிரியர், பொறியியலாளர் முதலியோர். காலையிற் புகையிரதமேறி இலண்டனுக்குச் சென்று, மாலையில் மீள்வது அவர்தம் வாழ்க்கை முறை. வீட்டுக் கடனைத் தவணை தவணையாகக் கட்டித் தீர்ப்பது அவர்தம் முதன்மையான கவலை. உழைப்பிடம் ஓரிடத்தும் உறைவிடம் வேறோரிடத்துமாக அமைந்த இப்புறநகர் வாழ்க்கையே ஓர்பிங்டனின் அரசியலுக்கு அடித்தளமாயிற்று.

வீடுகளின் பெருக்கத்துக்கு எல்லையும் இருந்தது. பெற்ஸ் வூட் காட்டின் ஒரு பகுதி வில்லியம் வில்லெற் என்பவரின் நினைவாகக் காக்கப்பட்டது. கோடை காலத்திற் கடிகாரத்தை முன்னே நகர்த்திப் பகலொளியைப் பயன்படுத்தல் வேண்டுமென 1907இல் நூல் எழுதி வாதாடியவர் அவர். அவருக்கு அக்காட்டில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் ஒரு சூரியக் கடிகாரமாகும். இரண்டாம் உலகப் போரின் பின், இலண்டனைச் சூழ்ந்த பசுமை வலயத்திற் கட்டடம் எழுப்புதல் தடுக்கப்பட்டமையால் தென்பகுதிக் குன்றுகளும் சிற்றூர்களும் பெரும்பாலும் பழைய நிலையிலேயே எஞ்சின.

இவ்வாறு ஒரே தொகுதியினுள் மூவகை உலகங்கள் அமைந்தன. பெற்ஸ் வூட், ஓர்பிங்டன், பாண்பரோ ஆகிய இடங்களிற் சொந்த வீடுடைய நடுத்தர வகுப்பார். கிறே பள்ளத்தாக்கிலே தொழிலாளர். தெற்கே கட்ஹம், டவுண் முதலிய நாட்டுப்புற ஊர்களின் மக்கள். தொகையால் மிக்கவர் முதல் வகையினரே.

தொகுதி தோன்றிய வகை

1945 வரை இப்பகுதி சிசில்ஹேஸ்ற் தொகுதியின் கூறாயிருந்தது. போருக்கு முற்பட்ட இருபது ஆண்டுகளிற் புறநகர்களிலே குடியேறியோரின் தொகை பெருகவே, இலண்டனைச் சூழ்ந்த தொகுதிகள் சில அளவுக்கு மீறி வீங்கின. 1944இல் நிறைவேறிய தொகுதி மீள்பங்கீட்டுச் சட்டத்தின்படி அவை பிரிக்கப்பட்டபோது ஓர்பிங்டன் தனித் தொகுதியாகப் பிறந்தது. எனவே, இத்தொகுதியை ஈன்ற தாய் மின்சாரப் புகையிரதமே எனின் மிகையாகாது.

சிசில்ஹேஸ்ற் தொகுதியில் 1924 தொடக்கம் உறுப்பினராயிருந்த சேர் வால்டிறன் சிமிதேர்ஸ் புதிய தொகுதியிலும் கொன்சர்வேற்றிவ் கட்சியின் சார்பில் வென்றார். நாடெங்கும் தொழிற்கட்சி பெருவெற்றியீட்டிய 1945ஆம் ஆண்டிற்கூட ஓர்பிங்டன் அசையவில்லை. அவர் 1954இல் இறந்தபின், 1955 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலிலும் அக்கட்சியினரான டொனால்ட் சம்னரே தெரிவானார். 1959 பொதுத்தேர்தலிற் சம்னர் 24,303 வாக்குகளும், தொழிற்கட்சி வேட்பாளர் 9,543 வாக்குகளும், லிபரல் வேட்பாளர் 9,092 வாக்குகளும் பெற்றனர். சம்னரின் பெரும்பான்மை 14,760. இத்தகைய தொகுதியைக் கட்சித் தலைமையகங்கள் 'காப்பான தொகுதி' என அழைப்பது வழக்கம். வேட்பாளர் எவராயினும் கட்சியின் பெயர் வென்றுவிடும் என்பது அதன் பொருள்.

1962 மார்ச் 14

1961இன் பிற்பகுதியிற் சம்னர் நீதிபதிப் பதவியொன்றை ஏற்றுப் பாராளுமன்றத்தை விட்டு நீங்கினார். வெற்றிடத்தை நிரப்பும் இடைத்தேர்தலை அரசாங்கம் உடனே நடத்தவில்லை. 1962 மார்ச் 14ஆம் நாள்வரை மக்கள் காத்திருக்க நேர்ந்தது. இத்தாமதத்துக்குள்ளே நாட்டின் நிலை மாறியது.

1961 ஜூலையில் நிதியமைச்சர் செல்வின் லோயிட் வங்கி வட்டி வீதத்தை நூற்றுக்கு ஏழாக உயர்த்தினார். அரசாங்க ஊழியரின் சம்பள உயர்வுகளையும் நிறுத்தி வைத்தார். ஆசிரியரும் தாதியரும் அரசாங்க எழுதுவினைஞரும் இதனால் நேரே தாக்குண்டனர். சொந்த வீட்டில் வாழ்வோரின் வீட்டுக்கு ஒரு வாடகை மதிப்பிட்டு, அதனை வருமானமாகக் கருதி அறவிடப்பட்ட வரியும் அக்காலத்தில் நடைமுறையில் இருந்தது. வீட்டுக் கடனைக் கட்டிக்கொண்டே வரியையும் செலுத்திய குடும்பத் தலைவனுக்கு இது இரட்டைச் சுமையாகத் தோன்றியது. அரசாங்கத்தின் பொருளாதாரக் கொள்கை எங்கே சுட்டதோ அங்கேயே ஓர்பிங்டன் மக்களின் வீடுகள் நிரையாக நின்றன.

இஃது ஒரு காரணம். மற்றைக் காரணம் உள்ளூரிலே வளர்ந்தது. லிபரல் கட்சியினர் பொதுத்தேர்தற் காலத்தில் மட்டும் வாயிற்கதவைத் தட்டுவோராய் இராமல், நகரசபைத் தேர்தல்களில் வட்டாரம் வட்டாரமாக உழைத்தனர். வீதி விளக்கு, நடைபாதை முதலிய சிறு தேவைகளையும் கேட்டறிந்தனர். கட்சியின் வேட்பாளராக நின்ற எரிக் லபக் டவுண் வட்டாரத்தின் சார்பில் 1961இல் நகரசபைக்குத் தெரிவானவர், தொழிலாற் பொறியியலாளர், முன்னர்க் குறிப்பிட்ட சேர் ஜோன் லபக்கின் பேரன். கொன்சர்வேற்றிவ் வேட்பாளர் பீற்றர் கோல்ட்மன் கட்சித் தலைமையகத்திற் கொள்கை வகுப்போருள் ஒருவர். கூர்த்த மதியினரெனப் பெயர் பெற்றவராயினும் தொகுதிக்குப் புதியவர். தொழிற்கட்சியின் சார்பில் அலன் ஜிங்கின்சன் நின்றார்.

வாக்கெடுப்புக்கு முதல்நாள் வடக்கு பிளாக்பூல் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் லிபரல் வேட்பாளர் வெற்றியின் விளிம்புவரை வந்து, ஆயிரத்துக்கும் குறைந்த வாக்குகளால் தோற்றார். அச்செய்தி ஓர்பிங்டன் வாக்காளரின் காதில் விழுந்தது. லிபரலுக்கு இடும் புள்ளடி வீணாகாது என்னும் நம்பிக்கை அவர்களிடம் உறுதிப்பட்டது.

முடிவு பின்வருமாறு அமைந்தது. லபக் 22,846; கோல்ட்மன் 14,991; ஜிங்கின்சன் 5,350. வாக்காளருள் நூற்றுக்கு எண்பதின்மர் வாக்களித்தனர். இடைத்தேர்தலொன்றுக்கு இது பெருந்தொகையாகும். 14,760 ஆக இருந்த கொன்சர்வேற்றிவ் பெரும்பான்மை அழிந்து, லிபரல் கட்சிக்கு 7,855 பெரும்பான்மை கிடைத்தது. தொழிற்கட்சி வேட்பாளர் அளிக்கப்பட்ட வாக்குகளில் எட்டில் ஒரு பங்கைப் பெறாமையாற் கட்டுப்பணத்தையும் இழந்தார்.

இவ்வெண்களைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். லிபரல் கட்சியின் பங்கு நூற்றுக்கு 21.2 இலிருந்து 52.9 ஆக உயர்ந்தது. கொன்சர்வேற்றிவ் பங்கு 56.6 இலிருந்து 34.7 ஆகவும், தொழிற்கட்சியின் பங்கு 22.2 இலிருந்து 12.4 ஆகவும் வீழ்ந்தன. வாக்குகள் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெயரவில்லை. தம் கட்சி இத்தொகுதியில் ஒருபோதும் வெல்லாதென உணர்ந்த தொழிற்கட்சி ஆதரவாளருட் பலரும் வெல்லக்கூடிய எதிராளிக்குத் தம் வாக்கை அளித்தனர். புறநகர் வாக்காளன் மனக்கசப்பால் மட்டும் வாக்களித்தானல்லன், கணக்கிட்டும் வாக்களித்தான்.

விளைவுகள்

ஒரு புறநகரின் தீர்ப்பு அரசாங்கத்தையே கலங்கச் செய்தது. சில வாரங்களுக்கு நாட்டுக் கருத்துக் கணிப்பொன்றில் லிபரல் கட்சி ஏனைய இரு கட்சிகளையும் முந்தி நின்றது. அடுத்தடுத்து வந்த இடைத்தேர்தல்களும் அரசாங்கத்துக்குப் பாதகமாயின. 1962 ஜூலை 13ஆம் நாள் பிரதமர் ஹரோல்ட் மக்மிலன் தம் மந்திரிசபையின் எழுவரை ஒரே நாளிற் பதவி நீக்கினார். அவருள் நிதியமைச்சர் செல்வின் லோயிட் முதன்மையானவர். சொந்த வீட்டுக்கு மதிப்பிட்ட வாடகைமீதான வரியும் 1963இல் நீக்கப்பட்டது. பத்திரிகைகள் 'ஓர்பிங்டன் மனிதன்' என்றொரு தொடரையே படைத்துவிட்டன. வகுப்பாலும் பரம்பரையாலும் ஒரு கட்சிக்குக் கட்டுப்படாத, சம்பளத்தால் வாழும் புறநகர்க் குடும்பத் தலைவனை அத்தொடர் குறித்தது.

ஆயினும், பேரலையென எண்ணப்பட்டது நாட்டை மூடவில்லை. 1964 பொதுத்தேர்தலில் லிபரல் கட்சி ஏறத்தாழ 31 இலட்சம் வாக்குகளைப் பெற்றது. அளிக்கப்பட்ட வாக்குகளில் இது நூற்றுக்குப் பதினொன்று. கிடைத்த ஆசனங்களோ 630இல் ஒன்பது மட்டுமே. ஓர்பிங்டனில் லபக் 1964இலும் 1966இலும் தம் ஆசனத்தைக் காத்து, 1970இற் கொன்சர்வேற்றிவ் வேட்பாளர் ஐவர் ஸ்ரான்புறூக்கிடம் சிறு வித்தியாசத்தில் அதனை இழந்தார். அதன்பின் ஸ்ரான்புறூக் 1992 வரையும், ஜோன் ஹோறம் 2010 வரையும், ஜோ ஜோன்சன் 2019 வரையும் அக்கட்சியின் சார்பில் தொகுதியைப் பிரதிநிதித்துவம் செய்தனர். 2019இலும் 2024இலும் கரத் பேக்கன் வென்றார்.

இப்பெயர் வரிசையை மட்டும் நோக்குவோர் 1962 ஒரு விபத்தென்றும், நிலம் தன் இயல்புக்கு மீண்டுவிட்டதென்றும் முடிவு செய்யக்கூடும். ஆனால் 2001ஆம் ஆண்டில் ஹோறம் பெற்ற வாக்குகள் 22,334. லிபரல் ஜனநாயக வேட்பாளர் பெற்றவை 22,065. வித்தியாசம் வெறும் 269. ஒன்பதாண்டுகள் சென்றபின், 2010இல் அதே கட்சியின் பெரும்பான்மை 17,200 ஆயிற்று. 2024இல் இரண்டாம் இடத்தைப் பெற்றதோ தொழிற்கட்சி. அறுபதாண்டுகளுக்கு முன் கட்டுப்பணம் கொடுத்து வாங்கிய தோல்வியை மறந்தாற்போல அக்கட்சி அங்கே முன்னேறியது. ஆகவே, காப்பான தொகுதியென்பது வாக்காளர் அன்றன்று புதுப்பிக்கும் வாடகைச் சீட்டேயன்றி, எக்கட்சிக்கும் எழுதிக் கொடுத்த உறுதியன்று.

தொகுதியின் எல்லைகளைப் பற்றிய உணர்வும் குறிப்பிடத்தக்கது. 1965இல் ஓர்பிங்டன் நகரசபை ஒழிக்கப்பட்டு, அப்பகுதி இலண்டனின் புறொம்லி நகரப் பிரிவோடு இணைக்கப்பட்டது. தெற்கு எல்லையிலிருந்த நொக்ஹோல்ற் என்னும் சிற்றூர் மக்கள் தாம் இலண்டனாராதலை விரும்பவில்லை. 1969இல் அவ்வூர் மீண்டும் கென்றுக்கே திருப்பி அளிக்கப்பட்டது. நாள்தோறும் இலண்டனால் வாழ்ந்தும் இலண்டனாகாதிருக்க விழைதல் புறநகரின் இரட்டை இயல்பாகும்.

வாக்கும் ஆசனமும்

சேர் ஜோன் லபக் 1884இல் விகிதாசாரப் பிரதிநிதித்துவச் சங்கத்தை நிறுவினார். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்னும் முறையிற் சிறுபான்மைக் கருத்துடையோரின் வாக்குகள் பயனற்றுப் போவதை அவர் அன்றே எடுத்துக் காட்டினார். எண்பது ஆண்டுகளின் பின், முப்பத்தொரு இலட்சம் வாக்குகளுக்கு ஒன்பது ஆசனங்கள் பெற்ற கட்சியின் உறுப்பினராக அவருடைய பேரன் பொதுச் சபையில் அமர்ந்திருந்தார். பாட்டன் கூறிய குறைபாட்டுக்குப் பேரனின் கட்சியே சான்றாயிற்று. தேர்தற் சட்டத்தை ஆராயச் சபாநாயகர் தலைமையில் 1965இல் அமைந்த மாநாட்டில் எரிக் லபக் வாக்களிப்பு முறையை மாற்ற வாதாடினார். மாநாடு அதனை ஏற்கவில்லை. 2011இல் வாக்களிப்பு முறையைத் திருத்துவது பற்றி நடந்த மக்கள் தீர்ப்பிலும் மாற்றம் நிராகரிக்கப்பட்டது.

பிரித்தானியாவில் இது பெரும்பாலும் மூன்றாங் கட்சியின் மனக்குறையாகவே நின்றது. அதே முறையைப் பின்பற்றிய இலங்கையிலோ இதன் விளைவு மிகப் பாரதூரமாயிற்று. 1947 தொடக்கம் இலங்கையின் பாராளுமன்றம் பல அங்கத்தவர் தொகுதிகள் சிலவற்றைத் தவிர்ந்த ஏனையவற்றில் ஓர் உறுப்பினர் முறையாலேயே தெரிவு செய்யப்பட்டது. 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி நூற்றுக்கு ஏறத்தாழ 38 வாக்குகளைப் பெற்றும் 17 ஆசனங்களையே அடைந்தது. அதனினும் சற்றுக் குறைந்த வாக்குகளைப் பெற்ற ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 91 ஆசனங்களை வென்றது. 1977இல் தராசு மறுபுறம் சாய்ந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 51 வாக்குகளைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியது. நூற்றுக்கு ஏறத்தாழ 30 வாக்குகளைப் பெற்ற ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே. 1972இலும் 1978இலும் நாட்டுக்கு இரு அரசியலமைப்புக்களை ஆக்கியவை இத்தகைய வீங்கிய பெரும்பான்மைகளேயாகும். அவற்றை ஆக்குங்காலத்து மாற்றுக் கருத்தினரின் இணக்கத்தைப் பெறவேண்டிய கட்டாயம் ஆளுங் கட்சிகளுக்கு இருக்கவில்லை. 1978இன் அரசியலமைப்பு விகிதாசார முறையைப் புகுத்தியது. அம்முறையில் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் 1989இல் நடைபெற்றது.

எரிக் லபக்கும் இலங்கைத் தமிழர்க்கு முற்றிலும் அயலானவரல்லர். 1971இல் ஏவ்பரி பிரபு என்னும் குடும்பப் பட்டத்தை அடைந்து பிரபுக்கள் சபையிற் புகுந்த அவர், 1976இற் பாராளுமன்ற மனித உரிமைக் குழுவை அமைத்து நெடுங்காலம் அதன் தலைவராய் இருந்தார். பல நாடுகளின் ஒடுக்கப்பட்டோருக்காகக் குரல் கொடுத்த அவர், இலங்கைத் தமிழரின் நிலைபற்றியும் பன்முறை பேசினார். 2016இல் அவர் இறந்தார்.

ஓர்பிங்டனின் வரலாற்றிலிருந்து பெறப்படுவது இதுவே. ஆறும் குன்றும் ஊர்களை அமைத்தன; புகையிரதம் வீடுகளைக் கொணர்ந்தது; வீடுகள் ஒருவகை வாக்காளரைத் திரட்டின; அவ்வாக்காளரிடமிருந்து ஒரு கட்சி நெடிய ஆதரவைப் பெற்றது. இத்தொடரின் ஒவ்வொரு கண்ணியும் உண்மையே. எனினும், இறுதிக் கண்ணி மனிதரின் கையில் உள்ளது. புறக்கணிக்கப்பட்டதாக உணர்ந்தபோது அவர்கள் அதனைக் கழற்றினர். நினைத்தபோது மீண்டும் பூட்டினர். நிலம் மனிதனின் வாக்கை ஒரு பக்கம் சாய்க்கலாம். அதனைத் தன்னுடைமையாக்க மாட்டாது. அவ்வாறு மனமுவந்து அளிக்கப்படும் வாக்கு எண்ணப்படுவதோடு அமையாது, சபையிலே உரிய நிறையையும் பெறல் வேண்டும். 1884இற் பாட்டன் எழுப்பிய அவ்வினாவுக்கு அவர்தம் நாடு இன்னும் விடையளிக்கவில்லை.